மத நம்பிக்கை அதிகமா இருந்தா ஒரு நாடு முன்னேறுமா, பின்தங்குமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் தெளிவா சொல்லுங்க

தூறல்:

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா மனசுல கிடந்த கேள்வி, போன வாரம் வீட்டுல மாமாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடந்த வாக்குவாதத்துல மறுபடி கிளம்பிடுச்சு, அதான் இங்க வந்து கேக்குறேன். மாமா என்ன சொல்றார்னா, உலகத்துல ஏழை நாடுகளை எடுத்துப் பாரு, முக்கால்வாசி இடத்துல பக்தி ஜாஸ்தி, பணக்கார ஐரோப்பாவுல சர்ச்செல்லாம் காலியா கிடக்கு, அப்போ மதம்தான் ஜனங்களை மேல வரவிடாம புடிச்சு வெச்சிருக்கு. பெரியப்பா அதுக்கு நேர் எதிர். ஐரோப்பா பணக்கார நாடா ஆனதே மதத்தாலதான், உழைப்பு சிக்கனம் நேர்மை எல்லாம் கடவுளுக்கு பயந்துதான் வந்துச்சு, சர்ச் காலியானது சம்பாதிச்சு முடிச்ச பிறகுன்னு அடிச்சு சொல்றார். ரெண்டு பேர் பேசுறதையும் கேட்டா ரெண்டுமே சரின்னு தோணுது, அங்கதான் எனக்கு குழப்பம்.

நான் பொருளாதாரம் படிச்சவ இல்ல. எனக்கு வேண்டியது ஒன்னுதான், இதை யாராவது ஒழுங்கா எண்ணி, அளந்து பார்த்திருக்காங்களா? மதத்தால பணம் வந்துச்சா, பணம் வந்ததால மதம் குறைஞ்சுதா, இல்ல ரெண்டுக்கும் காரணமா மூணாவதா ஏதாவது இருக்கா? எந்த மதம் ஒசத்திங்கிற சண்டை மட்டும் வேண்டாம் ப்ளீஸ், எல்லா நம்பிக்கைக்காரங்களும் இங்க இருக்கோம்.


கணக்குப்பிள்ளை:

தூறல், உங்க பெரியப்பா சொல்ற கதைக்கு மூலம் மாக்ஸ் வெபர்ங்கிற ஜெர்மன் சமூகவியலாளர், 1904லயும் 1905லயும் எழுதினது. கால்வின்ங்கிற கிறிஸ்தவ மதச் சீர்திருத்தக்காரர் வழி வந்த புராட்டஸ்டன்ட்காரங்க, யாருக்கு மோட்சம்னு கடவுள் முன்னாடியே முடிவு பண்ணிட்டார்னு நம்புனாங்க, நாம அந்தப் பட்டியல்ல இருக்கோமா இல்லையான்னு தெரியாத தவிப்புல ஏதாவது ஒரு அறிகுறி கிடைக்காதான்னு ராப்பகலா உழைச்சாங்க, சம்பாதிச்சதை ஆடம்பரமா செலவு பண்ணவும் மனசு வராது, அப்போ அந்தக் காசு திரும்பவும் தொழிலுக்குள்ளயே போகும், முதலாளித்துவம் வேர் புடிச்சதுல இதுக்கு பெரிய பங்குன்னு அவர் வாதம். படிக்கிறப்போ நம்மளை அப்படியே இழுத்துட்டுப் போற வாதம்தான். ஆனா பின்னாடி வந்தவங்க உட்கார்ந்து அளந்து பார்த்தப்போ கதை வேற பக்கம் திரும்பிடுச்சு.

சாஷா பெக்கர், லுட்கர் வோஸ்மன்னு ரெண்டு பேர் 2009ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஜெர்மனியோட பெரிய ராஜ்ஜியமா இருந்த பிரஷ்யாவுல 1871ல எடுத்த சென்சஸ், 452 மாவட்டம், மாவட்டவாரியா யார் எந்த சபை, எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும், எல்லாம் அதுல இருக்கு. புராட்டஸ்டன்ட் மாவட்டங்கள் வசதியா இருந்தது வாஸ்தவம்தான், வெபர் பார்த்தது பொய்யில்ல. ஆனா எழுத்தறிவையும் கணக்குல கொண்டுவந்ததும் அந்த வித்தியாசத்துல பெரும்பகுதி கரைஞ்சு போயிடுது! அதாவது காசு கொண்டுவந்தது மோட்சத்தைப் பத்தின தவிப்பு இல்ல, படிப்பு. ஒவ்வொருத்தரும் பைபிளை தானே படிக்கணும்னு, கத்தோலிக்க சபையில இருந்து பிரிஞ்சு புராட்டஸ்டன்ட் வழியைத் தொடங்கின லூதர் சொன்னார், 1522ல புதிய ஏற்பாட்டை ஜெர்மன்ல கொண்டுவந்தார், 1524ல நகராட்சிக்காரங்களுக்கு பள்ளிக்கூடம் தொறங்கன்னு கடிதமே எழுதினார். அவர் நினைச்சது ஜனங்களோட ஆன்மாவை, தொழிலை இல்ல. ஏற்கெனவே வசதியான ஊர்தான் புராட்டஸ்டன்டா மாறிச்சோன்னு ஒரு சந்தேகம் வருமே, அதுக்காக லூதர் இருந்த விட்டன்பர்க்ல இருந்து ஒவ்வொரு மாவட்டமும் எவ்ளோ தூரம்னு வெச்சு சரிபார்த்தாங்க, ஏன்னா புது மதம் அங்கிருந்து வட்டம் வட்டமா பரவிச்சு, தூரத்துக்கும் பழைய செல்வத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

இதே விஷயத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. டவிடே கான்டோனின்னு ஒருத்தர் 1300ல இருந்து 1900 வரைக்கும் ஜெர்மன் பேசுற பகுதியில இருக்கிற நகரங்களோட மக்கள்தொகையை எடுத்துப் பார்த்தார், புராட்டஸ்டன்ட் நகரம் கத்தோலிக்க நகரத்தை விட வேகமா வளர்ந்ததுக்கு ஒரு தடயமும் இல்ல.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது ஸ்வீடன். 1686ல அங்க வந்த திருச்சபைச் சட்டம் எல்லாரும் வாசிக்கக் கத்துக்கணும்னு சொல்லிடுச்சு, பண்ணையாள் வீட்டு வேலைக்காரி யாருக்கும் விலக்கு இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை பாதிரியார் கிராமத்துக்கு வருவார், ஒரு வீட்டுல அக்கம்பக்கம் எல்லாரையும் உட்கார வெச்சு ஒவ்வொருத்தரா படிக்கச் சொல்லுவார், எப்படி படிச்சாங்கன்னு ஒரு பெரிய குறிப்பேட்டுல பேருக்கு நேரா குறிச்சுப்பார். இப்படியே தலைமுறை தலைமுறையா நடந்து 1800 வாக்குல ஏறக்குறைய எல்லாருக்கும் அச்சு எழுத்து வாசிக்க வந்துடுச்சு, ஆனா நாடு அப்பவும் ஏழைதான், பஞ்சம் வந்து லட்சக்கணக்கான பேர் அமெரிக்காவுக்கு கப்பல் ஏறினாங்க. 1870க்கு அப்புறம் ரயில், மரம், இரும்பு, வங்கின்னு வாய்ப்பு கதவு தொறந்தப்போ அந்த ஜனங்க பாய்ஞ்சு போன வேகம் இருக்கே, ஐரோப்பாவுலயே வேகமா வளர்ந்த நாடுகள்ல ஒன்னா ஆயிடுச்சு. மதம் போட்ட விதை, ஆனா முளைக்க இருநூறு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்துச்சு, அதுவும் மழை வேற இடத்துல இருந்து வந்த பிறகு.


வெட்டவெளி:

மேல சொன்னது அருமை, நான் சின்னதா ஒன்னு சேர்க்குறேன். ஒரு நாடு எழும்போதும் விழும்போதும் அந்த ஊர் மதத்தையே காரணமா காட்டுற பழக்கம் இருக்கு பாருங்க, அதை நம்பவே நம்பாதீங்க தூறல்.

இதே வெபர்தான் சீனாவைப் பத்தி எழுதும்போது, பழைய சீன ஞானி கன்பூசியஸ் வழி வந்த மனப்பான்மையில முதலாளித்துவம் வளராதுன்னு சொன்னார். அப்புறம் தென் கொரியா, தைவான், சிங்கப்பூர், ஹாங்காங் நாலும் மடமடன்னு மேல வந்துச்சு, உடனே ஆளுங்க என்ன சொன்னாங்க தெரியுமா, கன்பூசியஸ் சொன்ன ஒழுக்கம், படிப்பு மேல மரியாதை, பெரியவங்க பேச்சை கேக்குறது, அதனாலதான் வளர்ந்தாங்கன்னு. அதே மரபு ஐம்பது வருஷம் முன்னாடி தடை, ஐம்பது வருஷம் பின்னாடி உந்துசக்தி. எது நடந்தாலும் பொருந்துற விளக்கம் எதையுமே விளக்கலைன்னுதான் அர்த்தம்.

இந்தியாவுக்கும் இது நடந்துச்சு. ராஜ் கிருஷ்ணான்னு ஒரு பொருளாதார அறிஞர் 1970கள்ல 'இந்து வளர்ச்சி விகிதம்'னு ஒரு சொல்லைப் போட்டார், வருஷத்துக்கு மூணரை சதவீதம் பக்கமாவே நாடு நின்னுட்டு இருந்ததைச் சொல்ல. அவர் மதத்தை ஆராய்ச்சி பண்ணிச் சொன்னதில்ல, ஆனா வெளிநாட்டுல பல பேர் அதை நெசமாவே எடுத்துக்கிட்டாங்க, கர்மா, விதி, அதனால முயற்சி இல்லன்னெல்லாம் எழுதினாங்க. எண்பதுகள்ல இருந்தே அந்த விகிதம் ஏற ஆரம்பிச்சு 1991க்கு அப்புறம் இன்னும் ஏறிச்சு. அதுக்குள்ள நாட்டுல யாரும் மதம் மாறலையே, கோயிலுக்கு போறதும் குறையலையே. மாறினது லைசென்ஸ், இறக்குமதி வரி, அன்னிய செலாவணி விதிகள்.

மாமாகிட்டயும் ஒன்னு கேளுங்க, அமெரிக்கா பணக்கார நாடு, ஆனா மேற்கு ஐரோப்பாவை விட அங்க சர்ச்சுக்கு போறவங்க பொதுவா அதிகம், வளைகுடா நாடுகள் எண்ணெயால பணக்கார நாடு, பக்தியும் குறையலை. சோவியத்துல அரசாங்கமே முன்ன நின்னு மதத்தை ஒடுக்கிச்சு, அதனால அது செழிச்சிடுச்சா என்ன.


பழைய ஏடு:

எல்லாரும் நம்பிக்கையையே பேசுறீங்க. மதம்ங்கிறது வெறும் நம்பிக்கை இல்லையே, சட்டமும்தான். வாரிசு, கூட்டு வியாபாரம், வட்டி, தானம், இதையெல்லாம் பல நூறு வருஷம் மதச் சட்டம்தான் நடத்திச்சு. வளர்ச்சி எங்க மாட்டிச்சுன்னு தேடணும்னா அங்கதான் தேடணும்னு நான் நினைக்கிறேன்.

திமுர் குரான்னு ஒரு பொருளாதார வரலாற்று ஆய்வாளர், மத்திய கிழக்கு ஏன் பின்னால போச்சுன்னு வாழ்நாள் பூரா இதையே ஆராய்ச்சி பண்ணவர். அவர் ஆரம்பிக்கிற இடமே நேர்மையா இருக்கும், கி.பி. ஆயிரம் வாக்குல பொருளாதாரத்துல முன்னால இருந்தது அந்தப் பகுதிதான், அப்போ இஸ்லாம் வளர்ச்சிக்கு எதிரின்னு யாரும் சொல்ல முடியாது. பிரச்சனை வேற. அவர் சொல்றதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்றேன். நாலு பேர் காசு போட்டு சரக்கு வாங்கி ஒரு வியாபாரிகிட்ட குடுத்து தூரதேசத்துக்கு அனுப்புறாங்க, லாபத்துல பங்கு. பாதி வழியில அந்த நாலு பேர்ல ஒருத்தர் இறந்துடுறார். சட்டப்படி அந்தக் கூட்டு அப்பவே கலைஞ்சு போச்சு. இறந்தவரோட பங்கு மனைவி, மகன்கள், மகள்கள், பெத்தவங்கன்னு இஸ்லாமிய வேதமான குரான்ல சொன்ன கணக்குப்படி பிரியணும், அவங்கள்ல ஒருத்தருக்கு உடனே காசு வேணும்னாலும் சரக்கை வித்துத்தான் ஆகணும். இப்படி ஒரு ஆபத்து இருக்கும்போது யார் இருபது பேரைச் சேர்த்து பத்து வருஷத்துக்கு ஒரு கம்பெனி வெப்பாங்க? ரெண்டு மூணு பேர், ஒரு பயணம், முடிஞ்சதும் கணக்கு தீர்த்துட்டு கலைஞ்சுடுவாங்க. அந்தக் காலத்து வியாபாரத்துக்கு அது போதும், நல்லாவே ஓடுச்சு.

இன்னொன்னையும் சொல்லியே ஆகணும், அந்த வாரிசுச் சட்டம் பெண்ணுக்கும் பங்கு குடுத்துச்சு, அதே காலத்துல ஐரோப்பாவுல பல இடத்துல மூத்த மகனுக்கே எல்லாம் போச்சு. நியாயம்னு பார்த்தா எது மேலன்னு நீங்களே சொல்லுங்க. ஆனா சொத்து சிதறாம ஒரே கையில நின்னதால ஐரோப்பாவுல பெரிய கூட்டு வியாபாரத்துக்கு இடம் கிடைச்சுது, அதுல இருந்து படிப்படியா, உறுப்பினர் செத்தாலும் சாகாத கம்பெனிங்கிற வடிவம் வந்துச்சு, 1602ல டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி வர்றப்போ ரெண்டு பக்கத்துக்கும் இடைவெளி விழுந்துடுச்சு. நியாயமான சட்டம் ஒன்னு, யாரும் எதிர்பாக்காத வேற ஒரு இடத்துல விலை கேட்டுச்சு. இதைப் படிச்சப்போ எனக்கு ரெண்டு நாள் மனசே சரியில்ல, நெசமா சொல்றேன்.

வக்ஃப்னு சொல்ற, இஸ்லாமியச் சட்டப்படி தர்மத்துக்கு எழுதி வெக்கிற சொத்தும் அப்படித்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தண்ணிப்பந்தல் எல்லாம் வக்ஃப் சொத்துல நடந்துச்சு, எவ்ளோ பெரிய தர்மம். ஆனா எழுதி வெச்சவர் சொன்ன நிபந்தனையை பின்னால வர்றவங்க மாத்துறது ரொம்பக் கஷ்டம், காலம் மாறினாலும் காசு அதே பழைய வேலையிலேயே பூட்டிக் கிடக்கும்.

கிறிஸ்தவ ஐரோப்பாவையும் விட்டுடக் கூடாது. வட்டி பாவம்னு திருச்சபை நூத்துக்கணக்கான வருஷம் சொல்லிச்சு, வியாபாரிங்க அதைச் சுத்திப் போக அன்னிய நாணய மாற்றுச் சீட்டுக்குள்ள வட்டியை ஒளிச்சு வெச்சாங்க. பிரான்சிஸ்கன் துறவிகளே ஏழைங்களுக்காக 1462ல இத்தாலியில பெருஜியாவுல அடகுக்கடை தொறந்தாங்க, குறைஞ்ச கட்டணத்துக்கு. அது பாவமா இல்லையான்னு அரை நூற்றாண்டு சண்டை போட்டு, கடைசியில 1515ல திருச்சபை மாமன்றம் செலவுக்குன்னு கட்டணம் வாங்கலாம்னு ஒத்துக்கிச்சு. மதச் சட்டமும் மாறத்தான் செய்யுது, யார் மாத்துறாங்க எப்போ மாத்துறாங்கங்கிறதுலதான் விஷயம் இருக்கு.


மழைக்குருவி:

தூறல் கேட்டதுல ஒரு பாதிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை, பணத்துல இருந்து மதத்துக்கு போற பாதை. அதைப் பத்தி எனக்கு கொஞ்சம் சொல்லணும், சொந்த அனுபவமும் இருக்கு.

சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த கம்பெனி திடீர்னு பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிடுச்சு, அதுல நானும் ஒருத்தி. கையில ரெண்டு மாச காசுதான். அதுவரைக்கும் நான் பிரார்த்தனைக் கூட்டத்துக்கெல்லாம் போனதே இல்ல. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டாங்கன்னு போக ஆரம்பிச்சேன், மூணாவது வாரம் அங்க ஒருத்தர் என் பிள்ளையோட ஸ்கூல் ஃபீஸை கட்டிட்டார், யார்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு சொல்லவே இல்ல. வங்கி எனக்கு கடன் குடுக்கலை, சொந்தக்காரங்க போனை எடுக்கலை, அந்தக் கூட்டம் குடுத்துச்சு. இப்போ நல்ல வேலையில இருக்கேன், அந்தக் கூட்டத்துக்கு போறதை நிறுத்தலை.

பிறகு ஒரு நாள் டேனியல் சென்னுங்கிறவரோட ஆய்வைப் படிச்சப்போ என் கதையையே யாரோ எழுதின மாதிரி இருந்துச்சு. 1997-98ல இந்தோனேசியாவுல ரூபியா சரிஞ்சு பொருளாதாரமே கவுந்துச்சு இல்லையா, அப்போ எந்தக் குடும்பத்துக்கு அடி அதிகமா விழுந்துச்சோ அந்தக் குடும்பங்கள் குரான் படிக்கிற கூட்டங்களுக்கு அதிகமா போக ஆரம்பிச்சாங்க, பிள்ளைங்களை இஸ்லாமியப் பள்ளியில சேர்த்தாங்க. நெல் வயல் வெச்சிருந்தவங்களுக்கு அரிசி விலை ஏறுனதால அடி கம்மி, மாசச் சம்பளத்துல இருந்த அரசு ஊழியர்களுக்கு அடி ஜாஸ்தி, இந்த வித்தியாசத்தை வெச்சுத்தான் எது காரணம் எது விளைவுன்னு பிரிச்சுப் பார்த்தார். முக்கியமான விஷயம், கடன் சுலபமா கிடைக்கிற இடங்கள்ல இந்த விளைவு ரொம்பக் குறைஞ்சு போச்சு. அப்போ அந்தக் கூட்டம் ஒரு வகையில இன்சூரன்ஸ் வேலையும் பார்த்திருக்கு.

அதனாலதான் மாமா சொல்ற 'ஏழை நாட்டுல பக்தி ஜாஸ்தி'ங்கிறது பார்க்க சரியா இருந்தாலும் அம்புக்குறி தலைகீழா இருக்கலாம். பென்ஷன் இல்ல, ஆஸ்பத்திரி இல்ல, வேலை போனா கேக்க நாதியில்லங்கிற இடத்துல ஜனங்க ஒருத்தரை ஒருத்தர் புடிச்சுக்க ஒரு இடம் வேணும். அரசாங்கம் அந்த இடத்தை எடுத்துக்கிட்டா கூட்டம் குறையுது. அமெரிக்காவுல 1930கள்ல பெரும் மந்தம் வந்தப்போ அரசாங்கம் நிவாரணம் குடுக்க ஆரம்பிச்சதும் சர்ச்சுகள் பண்ணிட்டிருந்த தான தர்மம் கணிசமா குறைஞ்சதை ஆராய்ச்சியில காட்டியிருக்காங்க. ஆனா ஒன்னு, கூட்டம் குடுத்தது பணம் மட்டும் இல்ல. அதை எந்த சர்வேயில எப்படி எண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியலை.


தூறல்:

இவ்ளோ பேர் நேரம் ஒதுக்கி எழுதினதுக்கு ரொம்ப நன்றி, ரெண்டு தடவை படிச்சேன். மழைக்குருவி அக்கா, உங்க பதிலை மாமாகிட்ட வாசிச்சுக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒன்னுமே பேசலை.

பெரியப்பா இப்போ புதுசா ஒன்னு எடுத்துட்டு வந்திருக்கார். நரகத்தை நம்புற நாடு வேகமா வளருதுன்னு ஹார்வர்டுலயே கண்டுபுடிச்சிருக்காங்கன்னு. உண்மையா? இன்னொன்னு, கணக்குப்பிள்ளை சார் சொன்னது எல்லாம் பழைய காலத்து சென்சஸ். மருந்துக்கு டெஸ்ட் பண்ற மாதிரி, பாதிப் பேருக்கு மதத்தைக் குடுத்து பாதிப் பேருக்கு குடுக்காம விட்டு யாராவது பார்த்திருக்காங்களா? முட்டாள்தனமான கேள்வியா இருந்தா மன்னிச்சுக்கோங்க.


கணக்குப்பிள்ளை:

முட்டாள்தனமே இல்லம்மா, நீங்க கேட்டதை நெசமாவே செஞ்சு பார்த்திருக்காங்க, சொல்றேன்.

முதல்ல நரகம். பெரியப்பா சொல்றது ராபர்ட் பாரோ, ரேச்சல் மெக்லியரி ரெண்டு பேரும் 2003ல வெளியிட்டது, ஆமா ஹார்வர்டுதான். நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்து அவங்க சொன்னது, சொர்க்கம் நரகம் மேல நம்பிக்கை கூடினா வளர்ச்சி கூடுது, ஆனா வழிபாட்டுக்கு போறது கூடினா வளர்ச்சி குறையுது. அதாவது நேரமும் காசும் செலவாகுது, அந்தச் செலவுக்கு ஏத்த நம்பிக்கை உருவானா லாபம், இல்லன்னா நஷ்டம்ங்கிற மாதிரி. பெரியப்பா முதல் பாதியை மட்டும் சொல்லியிருக்கார், ரெண்டாம் பாதியையும் கேளுங்க. இதுல சிக்கல், சில டஜன் நாடுகளை வெச்சு நூறு காரணங்களைப் பிரிக்கிறது. 2012ல வேற மூணு பேர் அதே கேள்வியை எடுத்து, வளர்ச்சிக்கு சொல்ற மத்த காரணங்களையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தாங்க, நரகக் கணக்கு நிக்கலை. அதனால அதை வெச்சு யாரும் சத்தியம் பண்ண வேண்டாம்.

இப்போ உங்க டெஸ்ட். பிலிப்பைன்ஸ்ல ஒரு கிறிஸ்தவ அமைப்பு ரொம்ப ஏழைக் குடும்பங்களுக்கு 15 வாரப் பயிற்சி நடத்திச்சு, அதுல மத போதனை, உடல்நலம், பிழைப்பு வழின்னு மூணு பகுதி. கரேத் பிரையன், ஜேம்ஸ் சோய், டீன் கார்லன் மூணு பேரும் அந்த அமைப்போட பேசி, குலுக்கல் முறையில சில இடத்துக்கு மூணும், சில இடத்துக்கு போதனை மட்டும், சில இடத்துக்கு போதனை இல்லாம மத்த ரெண்டும், சில இடத்துக்கு எதுவும் இல்லன்னு பிரிச்சு விட்டாங்க. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா போதனை கேட்டவங்களுக்கு பக்தியும் கூடியிருக்கு, வருமானமும் கூடியிருக்கு. இதோட நிறுத்தினா பெரியப்பா ஜெயிச்சுட்டார். ஆனா மொத்தமா உழைச்ச நேரத்துல மாற்றம் தெரியலை, சாப்பாட்டுலயோ வீட்டுச் செலவுலயோ மனநிறைவுலயோ மாற்றம் தெரியலை, இன்னும் விசித்திரம் என்னன்னா மத்தவங்களோட ஒப்பிட்டா நாங்க கீழ இருக்கோம்ங்கிற எண்ணம் அதிகமாயிருக்கு. வருமானம் ஏன் கூடிச்சுங்கிறதுக்கு, விடாம முயற்சி பண்ற மனசு வந்திருக்கலாம்னு அவங்க தயங்கித் தயங்கித்தான் சொல்றாங்க. எனக்கு அந்தத் தயக்கம் புடிச்சிருக்கு. ஒரு குடும்பத்துக்கு ஆறு மாசத்துல நடந்ததை வெச்சு ஒரு நாட்டுக்கு நூறு வருஷத்துல என்ன ஆகும்னு சொல்ல முடியாதில்லையா.


பிறைநோக்கி:

நான் நோன்பு வெக்கிறவன், அதனால இந்த ஒரு ஆய்வை விட்டுட்டுப் போக மனசு வரலை. ரமலான் மாசம் பிறைக் கணக்குல வர்றதால வருஷத்துக்கு பதினோரு நாள் முன்னாடி நகர்ந்துட்டே இருக்கும், முப்பத்து மூணு வருஷத்துல ஒரு சுத்து வந்துடும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கிற நாட்டுக்கு எந்த மாசத்துல வந்தாலும் பகல் ஏறக்குறைய ஒரே நீளம். துருக்கி மாதிரி வடக்க இருக்கிற நாட்டுக்கு ஜூன்ல வந்தா நோன்பு ரொம்ப நீளம், டிசம்பர்ல வந்தா குறைவு. பிலிப்பே காம்பான்டேயும் டேவிட் யானகிசாவா-ட்ராட்டும் இதைப் புடிச்சுக்கிட்டாங்க, ஒரே மதம், ஒரே கடமை, ஆனா நோன்பு நேரம் மட்டும் யாரும் தேர்ந்தெடுக்காம தானா மாறுது, இதை விட சுத்தமான சோதனை கிடைக்குமா!

அவங்க கண்டது, நோன்பு நேரம் நீளமா அமையுற வருஷங்கள்ல முஸ்லிம் நாடுகள்ல உற்பத்தி வளர்ச்சி குறையுது. சரி, ஒத்துக்கிறேன், பசியோட இருக்கிற உடம்புக்குத் தெரியும். ஆனா அதே ஆய்வுல, அதே வருஷங்கள்ல, முஸ்லிம்கள் சந்தோஷமா திருப்தியா இருக்கோம்னு சொல்றது கூடுது. காசு குறையுது, மன நிறைவு கூடுது, ரெண்டும் ஒரே காரணத்தால. இதைப் படிச்சுட்டு சில பேர் முதல் பாதியை மட்டும் தூக்கிட்டு வந்து பாத்தியா மதம் பொருளாதாரத்தைக் கெடுக்குதுன்னு பேசுறப்போ எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கும். கடைசி அரை மணி நேரம், தொண்டை காய்ஞ்சு, வீடே அமைதியாகி, எல்லாரும் ஒரே சத்தத்துக்காக காது குடுத்து உட்கார்ந்திருப்போம் பாருங்க, அதை இழப்புன்னு எந்தக் கணக்குல நான் எழுதுவேன்? நானே தெரிஞ்சு குடுக்குற விலை அது. வளர்ச்சி முக்கியம், என் பிள்ளைக்கு நல்ல வேலை வேணும், அதை மறுக்கலை, ஆனா தூறல் கேட்ட கேள்வியில வளர்ச்சிதான் ஒரே மதிப்பெண்ங்கிற மாதிரி இருக்கு, அதை மட்டும் கொஞ்சம் யோசிக்கணும்.


வெட்டவெளி:

பிறைநோக்கி பாய், நல்லா சொன்னீங்க, எனக்கு அந்தக் கோணம் தோணவே இல்ல.

நம்பகம்ங்கிறதைப் பத்தி யாரும் சொல்லலையேன்னு ஒன்னு. இங்கிலாந்துல குவேக்கர்னு ஒரு சின்ன கிறிஸ்தவ சபை. சத்தியப் பிரமாணம் எடுக்க மாட்டோம், எப்பவும் உண்மைதான் பேசுறோம் அப்புறம் எதுக்கு தனியா சத்தியம்னு சொன்னாங்க, அதனால அரசாங்க வேலை கிடையாது, ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் கதவும் மூடி இருந்துச்சு. வேற வழியில்லாம வியாபாரத்துக்கு வந்தாங்க. பேரம் கிடையாது, பொருளுக்கு ஒரே விலை, குழந்தை வந்து வாங்கினாலும் அதே விலை. கடனைக் கட்ட முடியாம திவாலானா சபையை விட்டே விலக்கிடுவாங்க, ஒருத்தர் தடுமாறுறார்னு தெரிஞ்சா சபைப் பெரியவங்க வீட்டுக்கு வந்து கணக்குப் புத்தகத்தை எடுத்து வையின்னு கேப்பாங்க. இப்படி ஒரு கூட்டத்துக்கிட்ட காசைக் குடுத்து வைக்க யாருக்குத்தான் தயக்கம் வரும்? பார்க்லேஸ், லாயிட்ஸ் வங்கிகளும் கேட்பரி, ஃப்ரை, ரவுன்ட்ரீ சாக்லெட் கம்பெனிகளும் குவேக்கர் குடும்பங்கள்ல இருந்து வந்ததுதான்.

ஆனா இதையும் 'அவங்க கொள்கை ஒசத்தி'ன்னு முடிச்சுட முடியாது. மத்த கதவெல்லாம் மூடுன சின்னக் கூட்டம், ஒருத்தரை ஒருத்தர் தெரியும், தப்புப் பண்ணினா தண்டனை உண்டு. பதினோராம் நூற்றாண்டுல மத்தியதரைக் கடல் ஓரமா வியாபாரம் பண்ணின மக்ரிபி யூத வணிகர்களும் கிட்டத்தட்ட இப்படித்தான், கடல் தாண்டி கடிதத்துலயே சரக்கை நம்பி ஒப்படைச்சாங்க, அவங்க கடிதங்கள் கெய்ரோவுல ஒரு ஜெபக்கூடத்து அறையில குவியலா கிடைச்சுது. ஒருத்தன் ஏமாத்தினா மொத்தக் கூட்டமும் அவனோட வியாபாரத்தை நிறுத்திடும். வேற மதம், வேற காலம், வேலை செஞ்ச விதம் ஒன்னு. அந்தக் கூட்டத்துக்கு வெளிய இருக்கிறவனுக்கு அந்த நம்பிக்கை கிடைக்காது, அது இதோட மறுபக்கம்.


தூறல்:

பொண்ணுங்க படிப்பு பத்தி யாருக்காவது தெரியுமா? மதம்னாலே அதுல பின்னாடி இழுக்கும்னுதான் நான் நினைச்சிட்டிருந்தேன், ஸ்வீடன் வேலைக்காரிங்க படிச்சதைக் கேட்டதுல இருந்து அதே ஞாபகமா இருக்கு. அப்புறம் பெரியப்பா ஒன்னு கேக்கச் சொன்னார், அந்தப் பாதிரியார் குறிப்பேடு இன்னும் இருக்கான்னு.


கணக்குப்பிள்ளை:

ரெண்டு பக்கமும் நடந்திருக்கும்மா. லூதர் 1520லயே ஒவ்வொரு ஊர்லயும் பெண் பிள்ளைங்களுக்கு பள்ளிக்கூடம் வேணும், அவங்களும் தினமும் வேதம் கேக்கணும்னு எழுதினார். 1816 பிரஷ்யா கணக்கை எடுத்தா புராட்டஸ்டன்ட் பகுதிகள்ல பள்ளிக்கூடத்துல ஆண் பெண் வித்தியாசம் கம்மியா இருந்திருக்கு. இந்தக் காலத்துல பாகிஸ்தான்ல ஹஜ் போக குலுக்கல்ல பேர் விழுந்தவங்களையும் விழாதவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க, போயிட்டு வந்தவங்க பெண் பிள்ளைங்க படிக்கிறதையும் பெண்கள் வேலைக்குப் போறதையும் அதிகமா ஏத்துக்கிட்டாங்க, வேற இனம் வேற மதத்துக்காரங்க மேல இருக்கிற எண்ணமும் நல்லதா மாறியிருந்துச்சு. எல்லா நாட்டு ஆணும் பெண்ணும் ஒரே இடத்துல நின்னு தொழுததைப் பார்த்துட்டு வந்தவங்க அவங்க. அதே சமயம், பல நாட்டு சர்வேயை வெச்சு பார்த்த ஒரு 2003 ஆய்வுல மத ஈடுபாடு உள்ளவங்க அடுத்தவங்களை அதிகமா நம்புறாங்க, சட்டத்தை மீறத் தயங்குறாங்க, ஆனா பெண்கள் வேலைக்குப் போறதை அவ்வளவா ஆதரிக்கலைன்னும் வந்திருக்கு. ரெண்டையும் சேர்த்தே வெச்சுக்கோங்க.

குறிப்பேடு இருக்கு, பெரியப்பாகிட்ட சொல்லுங்க. ஸ்வீடன் ஆவணக் காப்பகத்துல பத்திரமா வெச்சிருக்காங்க, இப்போ ஸ்கேன் பண்ணி பார்க்கவும் கிடைக்குது, தன் முன்னோர் யாருன்னு தேடுறவங்க முதல்ல திறக்குறதே அதைத்தான். ஒரு பக்கத்துல ஒரு பண்ணை வீடு, பண்ணைக்காரர், அவர் மனைவி, பிள்ளைங்க, கடைசியில வேலைக்காரங்க, ஒவ்வொரு பேருக்கு நேரயும் மையில சின்னச் சின்னக் குறிகள், வாசிப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கோ அதுக்குத் தக்கபடி.